ஒரு புளோக்குக்கு எத்தனை வயது?

கேள்வி: அங் மோ கியோவில் 1979இல் கட்டி முடித்த நான்கறை வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றை நானும் மனைவியும் பார்த்து வைத்திருக்கிறோம். இடமும் காற்றோட்டமும் பிடித்திருக்கின்றன. ஆனால் குளியலறைக் கூரையில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. “கட்டடத்தின் ஆயுள் முடிந்துவிட்டது, வேண்டாம்” என்கிறார் மாமனார். 99 ஆண்டுக் குத்தகையில் இன்னும் ஐம்பது சொச்சம் ஆண்டுகள் மீதம் இருக்கின்றன. ஒரு கட்டடம் உண்மையில் எவ்வளவு காலம் தாங்கும்?

பதில்:

தம்பி, உங்கள் மாமனார் அச்சப்படுவது நியாயம்தான். ஆனால் அச்சப்பட வேண்டிய இடம் வேறு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டடப் பழுதுபார்ப்பு வேலையில் இருந்தவன் நான். அதில் பாதிக் காலம் மடக்கேணியில் ஏறி நின்று, அடுத்தவர் வீட்டுக் கூரையைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்ததிலேயே போயிற்று. நீங்கள் சொல்லும் கூரையை நான் பார்க்கவில்லை. அதைப் போன்ற பலவற்றைப் பார்த்திருக்கிறேன். காரை பெயர்ந்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு வீட்டை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பெயர்ந்ததை யாராவது பூசி மறைத்திருந்தால் யோசிப்பேன்.

1979 என்ற எண்ணை முதலில் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அந்த வீட்டில் 1979ஆம் ஆண்டைச் சேர்ந்தவை எவை? தூண், உத்தரம், தளம், சில சுவர்கள். அவ்வளவுதான். கழிவுநீர்க் குழாய் முதலில் வார்ப்பிரும்பாக இருந்திருக்கும்; பழைய வீவக வீடுகளைச் சீர்செய்யும் இல்ல மேம்பாட்டுத் திட்டம் வந்திருந்தால் அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருப்பார்கள். 1994க்கு முன் கட்டிய வீடுகளுக்கு மின்சார முதன்மைச் சுவிட்சு 30 ஆம்பியர்; மூன்று அறைகளிலும் குளிரூட்டி ஓடுகிற இந்தக் காலத்துக்கு அது போதாது என்பதால் அதையும் மாற்றியிருக்கலாம். வெளிச்சுவரின் சாயத்துக்கு அதிகம் போனால் ஏழு வயது. மின்தூக்கி உங்களைவிட இளையதாக இருக்கலாம். சமையலறை அலமாரி, தரை ஓடு, சன்னல் எல்லாம் விற்பவரின் ரசனையையும் கையிருப்பையும் பொறுத்தவை. தாத்தாவும் பேரனும் நேற்று வந்த மருமகளும் ஒரே கூரையின்கீழ் இருப்பதைப் போன்றது அது. சண்டை எங்கே வரும் என்பதும் அதே கதைதான்: பழுது பெரும்பாலும், வயது வேறுபட்ட இரண்டு பொருள்கள் சேரும் இடத்தில்தான் தொடங்கும். குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம், சன்னல் சட்டம் சுவரில் பதியும் இடம், புதுப் பூச்சு பழைய செங்கல்லில் ஒட்டும் இடம். ஆய்வுக்குப் போனால் என் கண் முதலில் இந்த இடங்களுக்குத்தான் போகும்.

இப்போது உங்கள் குளியலறைக் கூரைக்கு வருவோம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி ஏன் துருப்பிடிப்பதில்லை? நீர் உள்ளே புகாததால் என்று பலர் நினைக்கிறார்கள். கான்கிரீட்டில் நுண்ணிய துளைகள் ஏராளம். ஈரம் போய்வந்துகொண்டுதான் இருக்கிறது. கம்பியைக் காப்பது சிமெண்டின் காரத்தன்மை. புதுக் கான்கிரீட்டின் காரக் குறியீடு (pH) 12, 13 வரை இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகி அதைக் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே நுழைந்து அந்தக் காரத்தைத் தின்கிறது. குறியீடு 9க்குக் கீழே இறங்கினால் படலம் அழிந்துவிடும். பிறகு கொஞ்சம் ஈரம் போதும். துரு என்பது இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே இடம் ஏது? வீங்கி, மேலிருக்கும் காரையைப் பிளந்து தள்ளுகிறது. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கரியமில வாயு உள்ளே செல்லும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. முதல் பத்து ஆண்டுகளில் 10 மில்லிமீட்டர் போயிருந்தால், 20 மில்லிமீட்டரை எட்ட நாற்பது ஆண்டுகள் ஆகும். அதாவது ஆரம்பத்தில் வேகம், போகப் போக மந்தம். நல்ல செய்தி போலத் தெரிகிறது, இல்லையா? ஆனால் கம்பியின்மேல் இருந்த கான்கிரீட்டின் கனம் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நாற்பது ஆண்டுகள் எந்தக் குறையும் தெரியாமல் இருந்துவிட்டு, பிறகு அடுத்தடுத்து வீடு வீடாகக் காரை பெயரத் தொடங்கும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய பேட்டைகளில் இப்போது இதே புகார் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான். கட்டடம் திடீரென்று நோயில் விழவில்லை. நாற்பது ஆண்டுகளாக நடந்துவந்த வேலை இப்போது கம்பியைத் தொட்டிருக்கிறது. சில வீடுகளில் மட்டும் இருபதாம் ஆண்டிலேயே பெயர்ந்தால், அங்கே கான்கிரீட் ஊற்றிய நாளில் கம்பிக்கு அடியில் வைக்க வேண்டிய சிறு கட்டையை யாரோ வைக்க மறந்திருப்பார், அல்லது கம்பியின்மேல் ஆள் நடந்து அது தாழ்ந்திருக்கும்.

கூடத்துக் கூரை நன்றாக இருக்க, குளியலறையிலும் சமையலறையிலும் மட்டும் ஏன்? துருவுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கும் இடம் அதற்குத் தோதான இடம். இன்னொன்று, அந்தக் கூரைக்கு நேர் மேலே இருப்பது மேல்வீட்டாரின் குளியலறைத் தரை. அங்கே ஓடுகளுக்கு அடியில் நீர்த்தடுப்புப் படலம் ஒன்று இருக்கும். அதற்கும் ஆயுள் உண்டு. கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் அது ஈசல். அது கிழிந்த பிறகும் ஓடுகள் பளபளப்பாகவே இருக்கும் என்பதால் மேல்வீட்டாருக்கு எதுவும் தெரியாது. நீங்கள்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். புதிய வீவக வீடுகளில் முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரை, சுவர் ஓடுகளை உடைக்கக்கூடாது என்று விதி வைத்திருப்பது இந்தப் படலத்தைக் காப்பதற்கே. புதுமனை புகுந்த சூட்டில் ‘இந்த நிறம் பிடிக்கவில்லை’ என்று உடைப்பவர்களுக்கு அது புரிவதில்லை.

ஆகவே காரை பெயர்ந்திருப்பதைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ஈரம் இப்போதும் வருகிறதா, பழையதா? வந்தால் மேலே ஓடுகளைப் பெயர்த்துப் படலத்தைப் புதிதாக இட வேண்டும். வீவக வீடுகளில் இப்படிக் கூரையில் நீர் கசிந்தால் உதவித் திட்டம் உண்டு. பாதிச் செலவை வீவக ஏற்கும், மீதியை மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பணத்தைவிடப் பெரிய சிக்கல், மேல்வீட்டாரைக் கதவு திறக்க வைப்பது. அதைப் பின்னால் சொல்கிறேன். ஈரம் நின்றுவிட்ட பழைய பழுது என்றால் முறை எளிது: ஒலி மாறும் இடம்வரை தளர்ந்த காரையை எல்லாம் தட்டி எடுத்து, கம்பியைச் சுற்றிலும் பளிச்சென்று தெரியும்வரை துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு இருமுறை கொடுத்து, பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான பசை தடவி, அதன்மேல் பழுதுபார்ப்புக்கென்றே விற்கும் பாலிமர் கலந்த சாந்தைப் பூச வேண்டும். சாதாரணச் சிமெண்டைக் குழைத்து அப்பினால் இரண்டே ஆண்டில் அது தட்டு தட்டாக விழும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. என் தங்கை ஈசூனில் வாங்கிய வீட்டுச் சமையலறையில் அழகான பொய்க்கூரை இருந்தது, உள்ளே விளக்கெல்லாம் பதித்து. பார்த்ததும் எனக்குச் சந்தேகம். ‘அண்ணனுக்கு எல்லாவற்றிலும் குறைதான்’ என்றாள். வாங்கிய ஓராண்டில் பொய்க்கூரையின் ஒரு பலகை பாரம் தாங்காமல் தொங்கியது. திறந்து பார்த்தால், மேலே பெயர்ந்த காரை அத்தனையும் அதன்மேல் குவிந்து கிடந்தது. முன்பு புதுப்பித்த ஒப்பந்தக்காரர் பழுதைச் சரிசெய்யவில்லை, அதற்கு ஒரு தட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து பொய்க்கூரையைக் கண்டாலே எனக்கு ஆகாது. உங்கள் வீட்டில் கம்பி வெளியே தெரிகிறது என்றீர்கள். நல்லது. தெரிகிற நோய்க்கு மருந்து உண்டு.

உங்கள் மாமனார் எதற்கு அச்சப்பட வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? கட்டி முடித்த பிறகு மனிதர்கள் ஏற்றும் பாரத்துக்கு. சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சேரும் முனையில் 1971இல் கட்டிய லியன் யாக் கட்டடம் இருந்தது. ஆறு மாடி. கீழே வங்கி, மேலே நியூ வோர்ல்ட் ஹோட்டல். 1986 மார்ச் 15ஆம் தேதி முற்பகல், ஒரு நிமிடத்துக்குள் அது தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள். 17 பேரை உயிரோடு மீட்டார்கள். அப்போது எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த பொறியாளர்கள் வந்து இடிபாடுகளுக்குள் குடைந்து உதவினார்கள். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வளர்ந்த என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அந்தச் சனிக்கிழமையைச் சொல்வார்கள். விசாரணையில் தெரிந்தது: கட்டடம் சுமக்க வேண்டியதைக் கணக்கிட்டவர்கள், அதன் சொந்த எடையையே சேர்க்காமல் விட்டிருந்தார்கள். பிறந்த நாளிலிருந்தே தூண்களுக்குத் தாங்குமளவுக்கு மேல் பாரம். அதன்மேல் வங்கியின் பெட்டகம், மொட்டைமாடியில் குளிர்விப்புக் கோபுரம், 1982இல் சுவர் முழுக்க ஒட்டிய ஓடுகள் என்று பதினைந்து ஆண்டுகளில் ஒவ்வொன்றாக ஏறின. ஒவ்வொன்றும் சின்னதுதான். அடிப்படைத் தவற்றோடு ஒப்பிட்டால் அற்பம். ஆனால் மீதமிருந்த கொஞ்ச நஞ்ச வலுவையும் அவை வாங்கிக்கொண்டே போயின.

அதன் பிறகுதான் 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கட்டமைப்பைப் பொறியாளர் சோதிக்க வேண்டும் என்றானது. குடியிருப்புக் கட்டடங்கள் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, மற்றவை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை. 2022 முதல் வெளிச்சுவருக்கும் சோதனை: இருபது வயதைத் தாண்டிய, 13 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்கள் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை. வீவக வீட்டில் தரைப் பூச்சும் ஓடும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று ஒரு விதி இருப்பதைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். பழைய ஓட்டை உடைக்கச் சோம்பல்பட்டு அதன்மேலேயே புதிய ஓடு, அடுத்து வருபவர் அதன்மேல் இன்னொன்று. இப்படி மூன்று தலைமுறைத் தரையை நான் உடைத்துப் பார்த்திருக்கிறேன். வாங்குவதற்கு முன் வாசல் நிலைப்படியைப் பாருங்கள். கதவின் அடிப்பக்கத்தைச் சீவியிருந்தால் தரை உயர்ந்திருக்கிறது என்று பொருள்.

வயதுகள் ஒத்துப்போகாமல் வரும் கேட்டுக்கு நல்ல உதாரணம் தேக்காவின் கடைவீடுகள். சுட்ட செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மரத் தளம். தரையின் ஈரம் சுவர் வழியே மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே மூச்சு விட்டுவிடும். நூறு ஆண்டுகள் இப்படியே ஓடியது. 1989இல் லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் உறுதியாக இருக்கட்டும் என்று பலர் சிமெண்டைப் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் போன்ற சாயத்தை அடித்தார்கள். ஈரத்துக்கு வெளியேற வழி அடைபட்டது. சாயம் கொப்பளமாக எழும்பி, உப்பு வெள்ளையாகப் பூத்து, உள்ளே செங்கல் மாவாகிறது. புதியது வலுவாக இருந்ததுதான் பழையதற்கு எமன். போதாததற்குப் பறவை எச்சத்தில் விழுந்த அரசங்கன்று ஒன்று கைப்பிடிச் சுவரில் வேர்விடும். பெரிதானபின் பிடுங்கினால் சுவரும் கூடவே வரும்.

இந்த விஷயத்தில் நம் கோயில்காரர்கள் கெட்டிக்காரர்கள். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் தோன்றியது. இன்று நாம் பார்க்கும் கோபுரம் 1925ஐச் சேர்ந்தது. இந்த மழையிலும் புழுக்கத்திலும் நூறு ஆண்டுகளாக அத்தனை சுதைச் சிற்பங்களும் எப்படி நிற்கின்றன? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற மரபு இருப்பதால். 2023 பிப்ரவரியில் நடந்ததற்கு முன் சாரங்கட்டி, ஒவ்வோர் உருவத்தையும் தட்டிப் பார்த்து, விரிசலை அடைத்து, வண்ணம் தீட்டினார்கள். ஏன் பன்னிரண்டு? சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் அட்டபந்தன மருந்து அவ்வளவு காலம்தான் பிடிப்போடு இருக்கும் என்பது மரபு. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், எருமை வெண்ணெய் எல்லாம் சேர்த்து இடிக்கும் அந்தச் சாந்துதான் அங்கே காலத்தை முடிவு செய்கிறது. கல்லின் ஆயுளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டும் சேரும் இடத்தின் ஆயுளைத்தான் எடுத்தார்கள். அதைச் சாக்காக வைத்து மற்ற எல்லா வேலையையும் அந்த ஆண்டிலேயே முடித்தார்கள். பராமரிப்பு அட்டவணை என்று நாங்கள் கோப்பில் எழுதியதை அவர்கள் திருவிழாவாக்கிவிட்டார்கள். நிதி திரட்டுவதும் சுலபம்.

வீவக புளோக்குகளைப் பராமரிக்கும் நகர மன்றங்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான், மேளதாளம் இல்லாமல். உங்கள் புளோக்கும் பிறந்தபடியே இல்லை. பழைய புளோக்குகளில் மின்தூக்கி ஒன்றாம், ஐந்தாம், ஒன்பதாம் மாடி என்று தாண்டித் தாண்டித்தான் நின்றது. மூன்றாம் மாடிக்காரர் அரிசி மூட்டையோடு ஏறியோ இறங்கியோதான் வீடு சேர்வார். 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் புளோக்குக்கு வெளியே புதுக் கோபுரங்களைக் கட்டி ஒட்டவைத்தது. சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியைச் செருகித் துணி காயப்போட்ட இரும்புக் குழல்கள் இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் போயின. என் மனைவிக்கு இன்றும் அந்தக் கழிமேல் ஏக்கம் உண்டு. மழையில் அதைத் தூக்கி உள்ளே இழுத்த என் தோளுக்கு இல்லை. உங்களுக்குத் தேவையான தகவல் இது: இல்ல மேம்பாட்டுத் திட்டம் முதலில் 1986வரை கட்டிய வீடுகளுக்கானது, எனவே உங்கள் புளோக்கும் அதற்குத் தகுதியானது. காரை பெயர்ந்ததைச் சரிசெய்வதும் கழிவுநீர்க் குழாயை மாற்றுவதும் அதில் கட்டாய வேலைகள். குளியலறையைப் புதுப்பிப்பது விருப்பம். அதாவது உங்கள் மேல்வீட்டார் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

கட்டடம் எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டீர்கள். ஸ்டெர்லிங் சாலையில் 45, 48, 49ஆம் எண் புளோக்குகள் 1960இல் முடிந்தவை. வீவக கட்டி முடித்த முதல் வீடுகள். இன்றும் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். 1962இல் எழுந்த தங்ளின் ஹால்ட் புளோக்குகளை மறுமேம்பாட்டுக்காக எடுத்துக்கொள்வதாக 2014இல் அறிவித்தார்கள். 1977இல் கட்டிய ரோச்சோர் சென்டர் சாலைத் திட்டத்துக்காகப் போனது. 1976இன் பேர்ல் பேங்க் அடுக்குமாடி 2018இல் கூட்டு விற்பனையில் போய் இடிபட்டது. இந்தப் பட்டியலில் கிழமாகிச் செத்தது எதுவுமில்லை. எல்லாம் நிலத்தின் விலையும் தேவையும் தீர்மானித்த சாவு. கவனித்துவந்தால் உங்கள் புளோக்கின் தூணும் தளமும் 99 ஆண்டுக் குத்தகையைக் கடந்தும் நிற்கும். அறுபது எழுபது வயதாகும் வீடுகளுக்கு இரண்டாம் முறை மேம்பாடு செய்வதாகவும் அரசாங்கம் 2018இல் சொல்லியிருக்கிறது. ஆனால் குத்தகை குறையக் குறைய விலையும் வங்கிக் கடனும் வீட்டுக்காக மத்திய சேம நிதிச் சேமிப்பை எடுக்கும் வரம்பும் சுருங்கும். உங்கள் வயதும் மீதமிருக்கும் குத்தகையும் எங்கே சந்திக்கின்றன என்று பார்த்து முடிவெடுங்கள். அது கான்கிரீட்டைப் பற்றிய கணக்கே இல்லை.

அடுத்த முறை வீட்டைப் பார்க்கப் போகும்போது நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாளாகப் பார்த்துப் போங்கள். சன்னல் சட்டத்தின் கீழ் மூலையில் கையை வைத்துப் பாருங்கள். கதவுபோல் வெளியே திறக்கும் சன்னலின் ரிவெட் ஆணிகள் துருவேறா எஃகா என்று பாருங்கள். அலுமினியம் என்றால் மாற்ற வேண்டும், 2004இலிருந்தே அது சட்டம். ஒரு வெள்ளிக் காசால் தரை ஓடுகளை மெல்லத் தட்டிக்கொண்டே நடங்கள். பொள்ளல் ஒலி வருகிற ஓடு ஏதாவது ஒரு டிசம்பர் குளிரில் எழும்பும். தரைத்தளத்தில் புளோக்கைச் சுற்றியுள்ள நடைபாதை சுவரைவிட்டு விலகித் தாழ்ந்திருந்தால் பதற்றப்படாதீர்கள். புளோக் ஆழ்தூண்களின்மேல் நிற்கிறது, சுற்றியுள்ள மண்தான் இறங்கியிருக்கிறது. ஆனால் தூணிலோ உத்தரத்திலோ சாய்வாக ஓடும் அகலமான விரிசல் கண்ணில் பட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு பொறியாளரை அழையுங்கள்.

கடைசியாக, விலை பேசுவதற்கு முன் மேல்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். குளியலறையை எந்த ஆண்டு உடைத்துக் கட்டினார்கள் என்று கேளுங்கள். அவர் முகம் சுளித்துக் கதவைச் சாத்தினால், அந்தக் கூரைக்காக நீங்கள் எத்தனை மாதம் அலைய வேண்டியிருக்கும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு, அதையும் விலையில் கழியுங்கள். “உள்ளே வந்து பாருங்கள் தம்பி” என்று சொல்லும் ஆளாக இருந்தால் மாமனாரையும் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.